திரும்பி வராத தூக்குச்சட்டிகள்

காத்திருப்பது எனக்கு ஆகாத காரியம். பஸ்ஸுக்காகக் காத்திருப்பேன், மழை விடுவதற்காகக் காத்திருப்பேன், அதற்கெல்லாம் வேறு வழியில்லை. ஆனால் வேகமாக வேலை செய்யும் என்று சொல்லி வாங்கிவந்த ஓர் இயந்திரத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்றால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

கோலாலம்பூரில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்குக் கணினி வந்த புதிதில் அது ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. அந்த அறைக்குக் குளிர்சாதனம் உண்டு. அது கணினிக்காக, நாங்கள் உள்ளே போவதென்றால் சுவெட்டர் போட்டுக்கொண்டு போவோம். அதற்கு நிரல் எழுதிய சிலரில் நானும் ஒருத்தி. தோட்டத்தில் பிறந்த பெண் அந்த நாற்காலிக்கு எப்படி வந்தாள் என்பது தனிக் கதை. கல்யாணத்துக்குப் பிறகு சிரம்பானில் மாலை வகுப்பில் படித்தேன், வீம்புக்குப் படித்தேன் என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

அந்தக் கணினியின் நினைவகம் மிகச் சிறியது. நினைவகம் என்றால், வேலை நடக்கும்போது கைக்கு வேண்டியதை வைத்துக்கொள்ளும் இடம். சமையல் மேடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் இடம் இருந்தால் வேலை ஓடும். இல்லாவிட்டால் ஒன்றைத் தூக்கிக் கீழே வைத்து, இன்னொன்றை எடுத்து மேலே வைத்து, அதிலேயே பொழுது போய்விடும். காலையில் எங்கள் கணினி குதிரையாகப் பாயும். மதியத்துக்குள் நடக்க ஆரம்பிக்கும். மாலையில் ஊரும். நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால் திரும்பவும் குதிரை. நினைவகம் போதவில்லை என்று மேலதிகாரிகள் முடிவு செய்து, பெரிய செலவில் இன்னும் கொஞ்சம் வாங்கிப் பொருத்தினார்கள். மதியம் வந்த நோய் அதற்குப் பிறகு மாலையில் வந்தது, அவ்வளவுதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “யாரோ வாங்கிக்கொண்டு போகிறார்கள், திருப்பித் தரவில்லை” என்றேன். என் பக்கத்து நாற்காலியில் இருந்த சீன நண்பர் என்னை ஒருமாதிரி பார்த்தார். நிரலை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகத் தேடினோம். ஒவ்வொரு வாடிக்கையாளருடைய கணக்கையும் போடுவதற்கு அது நினைவகத்தில் ஒரு துண்டு இடம் கேட்டு வாங்கியது. கணக்கு முடிந்ததும் அடுத்தவருக்குப் போய்விட்டது. பழைய இடம் வேலை முடிந்தும் விடுபடாமல், வேறு யாருக்கும் பயன்படாமல் கிடந்தது. இப்படியே நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் மேடையில் இடம் எங்கே இருக்கும்? வேலை முடிந்ததும் இடத்தைத் திருப்பிக் கொடு என்று ஒரே ஒரு வரி சேர்த்தோம். அன்று மாலை நாங்கள் வீட்டுக்குக் கிளம்பும்போதும் கணினி குதிரையாகவே ஓடிக்கொண்டிருந்தது.

இதை எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்று நண்பர் கேட்டார். தோட்டத்துச் சமையல்கட்டில் சோறு போட்டபோது பார்த்தது என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாதவருக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரெம்பாவிலிருந்து உள்ளே போகும் சாலையில் எங்கள் ரப்பர்த் தோட்டம் இருந்தது. வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், அவசரகாலத்தில், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எங்கள் வழியாக அரிசி போய்விடக் கூடாது என்பது அரசாங்கத்தின் கவலை. அதனால் வீட்டில் அரிசி வைத்திருக்கத் தடை. குழம்பு, கறி, துவையல் எதை வேண்டுமானாலும் அவரவர் அடுப்பில் செய்துகொள்ளலாம். சோறு மட்டும் பொதுச் சமையல்கட்டில் வெந்து வர வேண்டும். மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போகிறவர்கள் கையில் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது, வயிற்றில்தான் கொண்டுபோக வேண்டும். காலையில் சோறு தாமதமானால் ஒன்று பட்டினியாக வேலைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் பெரட்டுக்குப் பிந்திப் போய்த் திட்டு வாங்க வேண்டும். பெரட்டு என்பது காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம். அங்கே திட்டுக்குப் பஞ்சமே இருக்காது.

அந்தச் சமையல்கட்டில்தான் எனக்கு வேலை. எங்களுக்கு மேலாளாக இருந்தவரைத் தோட்டமே பெரியக்கா என்று கூப்பிடும். அகலமான உடம்பு, அதைவிட அகலமான குரல். வேலிக்கு வெளியே நிற்கும் கான்ஸ்டபிளைக்கூட “ஏன்டா தம்பி, சாப்ட்டியா?” என்று தமிழிலேயே கேட்பார். அந்த மலாய்க்காரப் பையனும் புரிந்ததுபோல் வயிற்றைத் தடவிக் காட்டுவான். பசி என்று வந்து நிற்கும் யாரையும் வெறுங்கையோடு அனுப்ப அவருக்குத் தெரியாது. எங்கள் கஷ்டத்தில் பாதி அந்த நல்ல குணத்தால் வந்தது.

சோறு கொடுப்பதற்கென்று அலுவலகத்திலிருந்து மூடி போட்ட அலுமினியத் தூக்குச்சட்டிகள் கொடுத்திருந்தார்கள். எல்லாம் ஒரே அளவு. விடிவதற்குள் அவற்றில் சோற்றை நிரப்பி வரிசையாக அடுக்கி வைப்போம். ஊரடங்கு விலகிய உடனே ஆட்கள் வருவார்கள், நிரம்பிய சட்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். நேற்று கொண்டுபோன சட்டியைக் கொடுத்துவிட்டு இன்றைய சட்டியை வாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் சில நாள் அது கடிகாரம்போல் நடந்தது. கதவைத் திறந்து ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் மொத்த லயமும் சோற்றோடு வீட்டுக்குத் திரும்பியிருக்கும்.

பிறகு மெல்ல மெல்லத் தேங்க ஆரம்பித்தது. அடுக்கி வைக்கச் சட்டி போதவில்லை. முதலில் வந்தவர்களுக்கு நிரம்பிய சட்டி கிடைத்தது. பின்னால் வந்தவர்கள் வீட்டிலிருந்து பானையும் குண்டானும் கொண்டுவந்து நின்றார்கள். மிஞ்சியிருந்த ஒன்றிரண்டு தூக்குச்சட்டியை அளவாக வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் அங்கேயே அளந்து கொட்ட வேண்டியிருந்தது. எங்கள் ஆட்களுக்கு அளந்து கொட்டுவது லேசான வேலையா? “அழுத்தி வையி”, “அவங்களுக்குக் குவிச்சிப் போட்ட, எனக்கு மட்டும் தட்டிப் போடறியே” என்று ஆளுக்கொரு பஞ்சாயத்து. வரிசை வாசலைத் தாண்டி, குழாயைத் தாண்டி, மாரியம்மன் கோயில் வரைக்கும் நீண்டது. எனக்கு வந்த கோபத்தில் அகப்பையாலேயே ஒருவரை அடித்திருப்பேன். பெரியக்காதான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தோட்ட அலுவலகத்துக் குமாஸ்தாவை நாங்கள் கிராணி என்போம். நல்ல மனிதர், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே பேசுவார். வந்து வரிசையைப் பார்த்தார்.

“சட்டி பத்தல, அதான் விஷயம். சிரம்பான்ல சொல்லிப் புதுசு வாங்கிடலாம்” என்றார்.

புதுச் சட்டிகள் வந்தன. எங்கள் தோட்டத்து லாரி அப்போது பட்டறையில் கிடந்ததால் கோலா பிலா பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லாரிதான் அவற்றைச் சிரம்பானிலிருந்து ஏற்றி வந்தது. ஓட்டி வந்தவர் இளவட்டம். சட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, “என்னாக்கா, சோத்தோட சேத்து சட்டியயும் தின்னுறாங்களா உங்க ஆளுங்க?” என்று பெரியக்காவிடம் கேட்டார். பெரியக்கா குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நான் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதை அந்த லாரிக்காரர் பார்த்துவிட்டார். அடுத்த வாரமே அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். எங்கள் வீட்டிலும் சரி என்றார்கள். லயத்துப் பெண்கள் அதற்குச் சட்டிக் கல்யாணம் என்று பெயர் வைத்து, நான் அகப்பையைத் தூக்கும்போதெல்லாம் இருமிக் காட்டுவார்கள். உள்ளுக்குள் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

புதுச் சட்டிகள் வந்ததும் வரிசை மறைந்தது. கிராணி பெருமையோடு கண்ணாடியைத் துடைத்தார். ஆனால் கொஞ்ச நாள்தான். வரிசை மறுபடி வாசலைத் தாண்டியது, குழாயைத் தாண்டியது. கோயில் மணியை எட்டித் தொடும் தூரத்துக்கு வந்துவிட்டது. புதுச் சட்டிகளும் பழைய சட்டிகள் போன வழியே போய்விட்டன. பின்னாளில் அந்தக் குளிர்ந்த அறையில் புதிதாகப் பொருத்திய நினைவகமும் நிரம்பி நின்றபோது நான் சிரித்ததற்கு இதுதான் காரணம். போகிற வழியை அடைக்காமல் வாங்கிப் போட்டால் வாங்கியதும் சேர்ந்து போகும், வேறென்ன?

இரண்டாவது தடவை கிராணி புதுச் சட்டி வாங்கலாம் என்று சொல்லவில்லை. என் அப்பாவையும் அம்மாவையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். நானும் போனேன். ஊர் கூடி உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் அந்தக் காலத்தில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் அனுமதியும் போலீஸ் அனுமதியும் வேண்டும். என் கல்யாணத்துக்கு அதை எழுதிக் கேட்டிருந்தோம்.

“தொரை முடியாதுங்கறார். தெனப்படி சோறே நேரத்துக்குப் போடத் தெரியல, கல்யாணச் சோறு எப்படிப் போடுவீங்கன்னு கேக்கறார்” என்றார் கிராணி. பிறகு குரலைத் தாழ்த்தினார். “அது மட்டும் இல்ல. போலீஸ் சார்ஜன் வந்து கேட்டுட்டுப் போயிருக்கான். இத்தன சட்டி எங்க போச்சு, காட்டுக்குப் போச்சான்னு. ஞாயித்துக்கெழம வீடு வீடாத் தேடப் போறாங்க. அதுக்குள்ள ஒரு முடிவு தெரியலேன்னா கல்யாணத்த சிரம்பான் கோயில்ல நாலு பேரோட முடிச்சுக்குங்க. நான் வேறென்ன செய்ய?”

அம்மா எங்களுக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தார். வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். “எனக்கு இருக்கறது ஒரே புள்ள. இந்த லயத்துல அத்தன பேரும் சாப்ட்டுக் கை கழுவாம அவள நான் அனுப்ப மாட்டேன்” என்றார். அப்பா பக்கத்தில் நின்று சுருட்டைப் பற்ற வைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார். அம்மா மூன்று பேர் பிரசவத்தில் போய்க் கைகொடுத்தவர், எத்தனையோ கல்யாணத்தில் விடிய விடியத் தேங்காய் துருவியவர். தன் வீட்டுப் பந்தியில் எல்லோரையும் உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் அவருக்கிருந்த ஒரே ஆசை. அது கை நழுவுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்தவுடன், கல்யாணத்துக்கென்று அம்மா வாங்கி வைத்திருந்த புடவையை ஒரு தடவை பார்க்கலாம் என்று கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்தேன். பெட்டிக்குப் பின்னால் ஒரு சாக்கு. சாக்கு கலகலவென்று சத்தம் போட்டது. திறந்தேன். உள்ளே தூக்குச்சட்டிகள்! சமையல்கட்டுத் தூக்குச்சட்டிகள். சாம்பல் போட்டுத் தேய்த்து, கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன.

“ஏம்மா!” என்று நான் போட்ட கூச்சலில் அம்மா ஓடி வந்தார்.

“கத்தாத. எடுத்து வச்சிருக்கேன், குடுக்கத்தான் போறேன்.”

“எப்பம்மா குடுக்கப் போற? இதுக்காக அங்க தெனமும் அடிதடி நடக்குதும்மா!”

“வெறுஞ்சட்டிய எப்படிப் புள்ள குடுக்கறது?” என்றார் அம்மா. அவருக்கு என்னைவிடக் கோபம். “ஒரு வீட்டுலேர்ந்து சோறு வந்த சட்டிய வெறுமையாத் திருப்பிக் குடுத்தா வெளங்குமா? ஒரு பிடி அரிசியாச்சும் போட்டுக் குடுக்கணும், அரிசி வச்சா புடிக்கிறான். ஒரு கரண்டி சீனி போடலாம்னா கூப்பன்ல வர்ற சீனி டீத்தண்ணிக்கே பத்தல. கொழம்பு ஊத்திக் குடுக்கலாம்னா வெளிச் சாப்பாடு உள்ள வரக்கூடாதுன்னு உங்க சமையல்கட்டுல சட்டம். அப்ப என்னாத்தப் போட்டுக் குடுக்கறது? கூப்பன்ல சீனி கொஞ்சம் மிச்சமாகட்டும்னு வச்சிருந்தேன். அது சேந்துகிட்டே போச்சு.”

நான் பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பழக்கம் எனக்குத் தெரியாததா? பக்கத்து வீட்டுக் கிண்ணம் வந்தால் அதில் நாலு முறுக்காவது போட்டுக் கொடுக்காமல் நானே திருப்பியதில்லை. அது சமையல்கட்டுச் சட்டிக்கும் பொருந்தும் என்று எனக்குத்தான் உறைக்கவில்லை. எனக்கு அது அலுவலகத்துச் சாமான். அம்மாவுக்கு அது சோறு வந்த சட்டி.

எழுந்து லயத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பக்கத்து வீட்டில் புளி இருக்கிறதா என்று கேட்டேன், அடுத்த வீட்டில் ஊசி கேட்டேன், கேட்டுக்கொண்டே கண்ணை ஓட்டினேன். கோழிக்கூண்டுக்கு மேலே ஒரு துணி மூட்டை, சாமிப் படத்துக்குப் பின்னால் ஒரு பளபளப்பு, தொட்டிலுக்கு அடியில் ஒரு மூடி. எல்லா வீட்டிலும் இருந்தன. ஒவ்வொருத்தரும் தன் வீட்டில் மட்டும்தான் கொஞ்சம் தங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ் வரப்போகிறது என்ற பேச்சு வந்ததும் பயந்து இன்னும் உள்ளே தள்ளி வைத்துவிட்டார்கள். இப்போது கொண்டுபோய்க் கொடுத்தால் திருடி வைத்திருந்ததாகத் தோன்றும். கொடுக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பிடிபடும்.

இந்தக் காலத்துக் கணினிகளில் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். யார் எந்த இடத்தைத் தேவையில்லாமல் வைத்திருக்கிறார்கள் என்று கணினியே அவ்வப்போது தேடிப் பிடுங்கிக்கொள்ளும். நல்ல வசதிதான். ஆனால் அது சுற்றி வரும்போது மற்ற வேலையெல்லாம் கொஞ்சம் நின்றுவிடும். சார்ஜன் வீடு வீடாக வருவதும் அந்த வகைதான். அன்று ஒரு துணிகூடத் துவைத்திருக்க முடியாது, அத்தனை பேரும் வெயிலில் நின்றிருப்போம். அவரவர் வேலை முடிந்ததும் அவரவரே கொடுத்துவிடுவதுதான் எனக்கு எப்போதும் பிடித்த வழி.

ஓடிப்போய்ப் பெரியக்காவிடம் சொன்னேன். அவர் வியப்படைவார் என்று நினைத்தேன். அவர் விறகை அடுப்பில் தள்ளிக்கொண்டே, “தெரியும் குட்டி” என்றார்.

“தெரியுமா! தெரிஞ்சும் ஏங்க்கா கேக்கல?”

“வெறுஞ்சட்டிய கையில வாங்க எனக்கும் மனசு வரல. இத்தன பேருக்குச் சோறாக்குற அடுப்பு இது. கேட்டா வெறுமையாக் குடுப்பாங்க. அதான் நாளைக்கிக் கொண்டா, நாளைக்கிக் கொண்டான்னு விட்டுட்டேன்.” இன்னொரு விறகை எடுத்து அடுப்பில் தள்ளினார். “சட்டி காட்டுக்குப் போச்சாங்கறான் அந்த சார்ஜன். அதக் கேட்டதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல.”

கொடுக்கிறவருக்கும் கூச்சம், வாங்குகிறவருக்கும் கூச்சம். நடுவில் மொத்தத் தோட்டமும் வரிசையில் நிற்கிறது. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. “அப்ப எதப் போட்டா வெறுமை இல்லக்கா? சொல்லுங்க, அதப் போடச் சொல்றேன்” என்றேன். இருவரும் யோசித்தோம். உப்பு ஆகாது, உப்பைக் கைமாற்றினால் சண்டை வரும் என்பார்கள். பூ சாமிக்கு. விறகுச் சுள்ளி போட்டால் பார்க்க நன்றாக இருக்காது. பெரியக்கா அலுத்துப்போய், “எதையாச்சும் போட்டுத் தொலையட்டும், போயித் தண்ணியத் தூக்கிட்டு வா, பீப்பா காலியாக் கெடக்கு” என்று என்னை விரட்டினார். சோறு வடிக்கும் தண்ணீரையெல்லாம் லயத்துக் குழாயிலிருந்து நாங்கள்தான் சுமந்து வந்து அந்தப் பீப்பாயில் ஊற்ற வேண்டும். என் இடுப்பில் பாதி அதிலேயே போயிற்று.

வாளியை எடுத்தவள் அப்படியே நின்றேன். “அக்கா, தண்ணி ரொம்பிய சட்டி வெறுஞ்சட்டியா?”

பெரியக்கா திரும்பிப் பார்த்தார். “நெறகுடம்டி அது” என்றார் மெதுவாக. பிறகு அவருக்கும் புரிந்தது. கையிலிருந்த விறகைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள், வேலிக்கு வெளியே நின்ற கான்ஸ்டபிள் ஓடிவந்து எட்டிப் பார்த்தான்.

மறுநாள் காலை ஊரடங்கு விலகியதும் சமையல்கட்டிலிருந்து வீட்டுக்கு ஓடிவந்தேன், நானும் அம்மாவும் சாக்கோடு குழாயடிக்குப் போனோம். எல்லோரும் பார்க்கும்படி ஒவ்வொரு சட்டியாக எடுத்து, விளிம்பு தட்டத் தண்ணீர் பிடித்தோம். பக்கத்து வீட்டு அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். “சமையல்கட்டுல தண்ணி இல்லியாம், அதான் ரொப்பிக் கொண்டு போறோம்” என்றார் அம்மா, தெருவுக்கே கேட்கிற மாதிரி. பொய் இல்லை, விடியற்காலை உலைக்கு ஊற்றியதில் பீப்பாய் மறுபடி காலியாகத்தான் இருந்தது. அம்மா இரண்டு சட்டியைக் கையில் பிடித்து, தளும்பாமல், தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். பெரியக்கா வாசலுக்கே வந்து இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கிப் பீப்பாயில் ஊற்றிவிட்டு, காலியான சட்டியைச் சோறு நிரப்பும் வரிசையில் கவிழ்த்து வைத்தார். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

முதலில் பக்கத்து வீட்டு அக்கா உள்ளே ஓடினார். பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கோழிக்கூண்டிலிருந்தும் தொட்டிலுக்கு அடியிலிருந்தும் சட்டிகள் வெளியே வந்தன. குழாயடியில் ஒரே சிரிப்பும் தள்ளுமுள்ளும். தண்ணீர் தளும்பும் சட்டிகளோடு பெண்கள் வரிசையாக நடந்து வந்தது மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பது மாதிரியே இருந்தது. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சட்டத்தின்படி ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்த்தான். “ஆயேர்” என்றான். அடுத்தது, “ஆயேர்.” தண்ணீர், மறுபடியும் தண்ணீர். கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய், “ஆயேர் லா, செமுவா ஆயேர்! போங்க, போங்க” என்று, எல்லாமே தண்ணீர்தான் என்பதாகக் கையை வீசிவிட்டு, ஒரு சட்டியிலிருந்து முகத்தைக் கழுவிக்கொண்டான்.

பீப்பாய் நிரம்பி வழிந்தது. பக்கத்திலிருந்த அண்டாக்களும் நிரம்பின. கிராணி வந்து பார்த்தபோது சட்டிகள் சுவரை மறைத்து அடுக்கியிருந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்க மறந்துவிட்டார். “எங்கேர்ந்தும்மா வந்துச்சு இதெல்லாம்?” என்றார். “குழாயடியிலேர்ந்து” என்றார் பெரியக்கா. கிராணி எங்களைப் பார்த்தார், ஈரமான தரையைப் பார்த்தார், அதற்கு மேல் கேட்கவில்லை. நேரே போய்த் துரையிடம் சொன்னார். சார்ஜனும் வந்து சுவரோரம் ஒரு நோட்டம் விட்டுப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை தேடல் நடக்கவில்லை. நாங்கள் துணி துவைத்தோம்.

அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. சட்டி தண்ணீரோடு வரும், சோற்றோடு போகும். தண்ணீர் சுமக்கும் வேலை எங்களுக்கு மிச்சமானது. அந்த நேரத்தில் உலையை முன்னாலேயே வைத்தோம், சோறு இன்னும் சீக்கிரம் வெந்தது. துரை ஒரு நாள் காலை தானே வந்து நின்று பார்த்தார். அவர் தன் சுருட்டைப் பற்ற வைப்பதற்குள் வரிசை கரைந்துவிட்டது. அன்று மதியமே கல்யாணத்துக்கு அனுமதி வந்தது. ஒரே நிபந்தனை, பந்தி முழுவதும் ஊரடங்குக்கு முன் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வேலியைத் தாண்டியிருக்க வேண்டும்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை லாரியைக் கோலா பிலா சாலையில் ராணுவத்தார் நிறுத்திவிட்டார்கள். வரிசையாய் எல்லா வண்டியையும் சோதித்தார்கள். காலையில் வர வேண்டியவர்கள் உச்சி சாய்ந்துதான் வந்தார்கள். லாரியிலிருந்து மாப்பிள்ளை குதித்தபோது பட்டு வேட்டியெல்லாம் செம்மண். “சட்டி ஏத்துனப்போ கூட இவ்வளவு பாக்கல, பொண்ணு கட்டப் போறேன்னதும் டயரைக்கூட உருட்டிப் பாத்தானுங்க” என்றார். அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. தாலி கட்டி முடித்த கையோடு வானத்தை நிமிர்ந்து பார்த்தார். இருக்கும் வெளிச்சத்துக்குள் மொத்த லயமும் வந்தவர்களும் சாப்பிட்டாக வேண்டும்.

பெரியக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். பந்தியில் ஒரு வரிசை உட்கார்ந்ததும் அடுத்த வரிசைக்கான சட்டிகள் நிரம்பிவிட்டன. பரிமாறிக் காலியான சட்டி ஒரு நொடிகூட எங்கும் உட்காரவில்லை. பிள்ளைகளும் பெண்களும் கைமாற்றிக் கைமாற்றிக் குழாயடிக்கும் அடுப்படிக்கும் ஓட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார், எங்கள் லயம், கிராணி குடும்பம், பட்டறைக்காரர்கள், வேலியோரத்துக் கான்ஸ்டபிள் என்று எல்லோரும் உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட்டு, கை கழுவி எழுந்தார்கள். கடைசி வரிசையில் பெரியக்காவை அம்மா தோளைப் பிடித்து உட்கார வைத்துத் தன் கையால் பரிமாறினார். அப்போதும் வெளிச்சம் இருந்தது. மணப்பெண் சிரிக்கக் கூடாது என்று பக்கத்தில் இருந்தவர்கள் என்னைக் கிள்ளினார்கள். நான் கேட்கவில்லை.

லாரி கிளம்பத் தயாரானது. நான் ஏறி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அம்மா பந்திப் பக்கத்திலிருந்து கடைசிச் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு வருவதைப் பார்த்தேன். குழாயைத் தாண்டி வந்தார். அங்கே நிற்கவில்லை. பெரியக்காவிடம் சட்டியை நீட்டினார். பெரியக்கா வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“என்னா ஆத்தா, வெறுமையாக் குடுக்கற?” என்றார் பெரியக்கா.

“எங்கிட்ட இருந்த ஒரே ஒண்ணையும் இன்னிக்கிக் குடுத்துட்டேன்ல. இனிமே என்னாத்தப் போடறது?” என்றார் அம்மா.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பெரியக்கா அந்தச் சட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். லாரி வேலியைத் தாண்டும்வரை நான் அழுதேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அழுதது அன்று மட்டும்தான்.